பழைய படத்தை இன்றைக்கு என்று அனுப்பாதே

தம்பி,

இதை உட்கார்ந்து படி. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டோ, பக்கத்தில் யாராவது எட்டிப் பார்க்கும்போதோ படிக்காதே. கடிதம் எழுதுகிற அளவுக்கு என்ன ஆகிவிட்டது என்று பதறவும் வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கப்பா லாரிக்கு லோடு ஏற்றிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருக்கிறார். வாய்ஸாகப் பேசி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் பேசினால் நடுவில் அழுவேன், இல்லாவிட்டால் திட்டுவேன். நீ அதை வேகமாக ஓடவிட்டுப் பாதியில் நிறுத்துவாய். டைப் செய்து அனுப்பினால் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் உன் பாலிடெக்னிக் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். எட்டாவது வரை படித்தவள் எழுத்து, பொறுத்துக்கொள்.

எங்கள் 'கஞ்சி டைம்' குரூப்பை நீ பலமுறை கேலி செய்திருக்கிறாய். "ஏம்மா, ஏழு பொம்பளைங்க தினமும் டிபன் பாக்ஸைத் தொறந்து தொறந்து போட்டோ போட்டுக்கிறீங்களே, போர் அடிக்கலையா?" என்று கேட்டாய். நான் அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்தக் குரூப் ஏன் வந்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. நீ அப்போது விடுதியில் இருந்தாய். உனக்குப் பரீட்சை.

நாங்கள் ஏழு பேரும் ஒரே உப்பளத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தோம். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் கரையில் ஒதுக்குவார்கள். நாங்கள் அதை அன்னக்கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு போய் மேட்டில் கொட்டவேண்டும். இருட்டு பிரியும் முன்பே இறங்கினால் பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க விடுவார்கள். எங்கே உட்கார்ந்து குடிப்பது? உப்பளத்தில் மரம் ஏது. வெள்ளை வெயிலில், வரப்பின் மேல் வரிசையாக உட்கார்ந்து குடிப்போம். ஒருத்தி கருவாடு கொண்டுவந்தால் ஏழு பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு. அந்தப் பத்து நிமிடத்தில்தான் யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியும். அப்படி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மேஸ்திரியிடம் நிழல் கேட்கலாம் என்று முடிவு செய்தோம்.

"ஏம்மா, உப்பளத்துல வந்து நிழல் கேக்குறீங்களே, நிழல் விழுந்தா உப்பு எப்படி விளையும்?" என்றார் மேஸ்திரி.

"பாத்திக்கு நடுவுல கேக்கலைங்க. ஓரமா ஒரு கீத்துக் கொட்டா போட்டா போதும், உக்காந்து கஞ்சி குடிச்சிக்கிறோம்" என்றாள் சாந்தி. உனக்குத் தெரியுமே, என் சின்ன வயசுத் தோழி, உன் மொட்டைக்கு மாலை போட்டவள்.

"பத்து நிமிஷக் கஞ்சிக்கு மண்டபம் கட்டணுமாக்கும்."

எங்களோடு இருந்த பூங்காவனமும் விடவில்லை. "மண்டபம் வேணாங்க. ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு மறைப்பாச்சும் கட்டிக் குடுங்க. உங்க வூட்டுப் பொம்பளைங்க வரப்பு மேலதான் குந்துறாங்களா?"

அடுத்த வாரமே எங்களைப் பிரித்துவிட்டார்கள். சாந்தியைப் பாக்கெட் போடுகிற கொட்டகைக்கு அனுப்பினார்கள். பூங்காவனத்தைக் கழுவெளிச் சதுப்பை ஒட்டி இருக்கிற கடைசி அளத்துக்குத் தள்ளினார்கள். மற்றவர்களை இங்கொருத்தி அங்கொருத்தியாகப் போட்டார்கள். வேலைக்காகப் பிரித்தோம் என்று சொன்னார்கள். வேலைக்காக இல்லை. ஏழு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் வாய் வந்துவிடுகிறது, அதுதான் காரணம். நிழலும் வரவில்லை, மறைப்பும் வரவில்லை, இன்று வரைக்கும்.

அப்போது சாந்திதான் சொன்னாள். "சேந்து உக்காரத்தானேடி வுட மாட்டேன்றாங்க? சேந்து துன்னக் கூடாதுன்னு எவனும் சொல்லலையே." தன் மகளிடம் கேட்டுக் குரூப்பை ஆரம்பித்தாள். பத்து மணிக்கு அவரவர் இருக்கிற இடத்தில் பாக்ஸைத் திறந்து படம் எடுத்துப் போடவேண்டும். எல்லாருடையதும் வந்த பிறகுதான் முதல் வாய் வைக்கவேண்டும். வெயிலில் போன் திரை தெரியாது. முந்தானையைத் தலைக்கு மேல் கூடாரம் போல் இழுத்துவிட்டுக்கொண்டு அதற்குள் பார்ப்போம். கையில் உப்பு இருக்கும். தொட்டால் போன் கேட்காது. புடவையில் துடைத்துத் துடைத்து அழுத்துவோம். இட்லி தின்றதெல்லாம் ஒரு செய்தியா என்று படித்தவர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வேறு செய்தி இருக்கிறது. எங்களைப் பற்றிச் செய்தி வரவேண்டும் என்றால் புயல் அடிக்கவேண்டும், இல்லை நாங்கள் சாகவேண்டும். இட்லி தின்றதை நாங்களேதான் சொல்லிக்கொள்ளவேண்டும்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். பூங்காவனத்தின் ஒரு பாதம் ஏன் கட்டோடு இருக்கிறது என்று நீ பொங்கலுக்கு வந்தபோது கேட்டாய். சர்க்கரை என்று மட்டும் சொன்னேன். சர்க்கரையும் உண்டு. நானும் உண்டு.

பூங்காவனம் தனியாக இருப்பவள். புருஷன் இல்லை, மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்துவிட்டாள். ஆனால் அவள் பாக்ஸ்தான் எங்கள் குரூப்பிலேயே பணக்கார பாக்ஸ். மத்தி வறுவல், நெத்திலித் தொக்கு, ஒருநாள் இறால்கூட. குப்பத்தில் மீன் விற்கிற பெண்களோடு அவளுக்குப் பழக்கம், கழித்துப் போட்டதை வாங்கிவந்து விருந்தாக ஆக்கிவிடுவாள். போன ஆவணியில் நான்கு நாள் தொடர்ந்து அவள் பாக்ஸில் மத்தி மீன் வந்துகொண்டிருந்தது. முதல் நாள் எச்சில் ஊறியது. இரண்டாம் நாள் பொறாமையாக இருந்தது. நான்காம் நாள் முந்தானைக்குள் தலையைவிட்டு உற்றுப் பார்த்தேன். நான்கு நாளும் அதே மீன். அதே இடத்தில் அதே போல் வாலை மடக்கிக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் வெங்காயம்கூட அதே மூன்று துண்டு.

உன் அம்மாவின் வாய் உனக்குத் தெரியும். உடனே வாய்ஸ் போட்டேன். "ஏண்டி பூங்கா, உன் மத்தி மீனு இன்னும் உசுரோடவா கீது? நாலு நாளா வாலை மடக்கிக்கினு அதே எடத்துல படுத்துக்கினு இருக்குது!" சாந்தி விடுவாளா? "அது மீனு இல்லடி, பூங்கா வூட்டு வாடகைக்காரன்" என்று போட்டாள். அதற்கு மேல் சிரிப்புப் பொம்மைகள், ஒருத்தி ஆறு, ஒருத்தி பத்து. நான் வரப்பின் மேல் தனியாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அவ்வளவு நாள் கழித்து எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்த மாதிரி இருந்தது. கஞ்சியைக் குடித்துவிட்டுப் போனைப் பார்த்தால், பூங்காவனம் குரூப்பைவிட்டு வெளியேறினார் என்று ஒரு வரி வந்திருந்தது.

"மகாராணிக்கு ரோஷம் வந்துடுச்சி. தானா வருவா, வுடுங்க" என்றது நான்தான். பிற்பாடு வேறு யாரோ சொன்னார்கள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், சாந்தி வாய்ஸை எடுத்துக் காட்டிவிட்டாள். என் குரல்தான். அவள் வீடு நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நான் போகவில்லை. சாந்தி போகவில்லை. பூங்காவனம் தன் அளத்தில் வேலை செய்துகொண்டிருப்பாள் என்று நாங்கள் ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டோம். ஒரே அளத்தில் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும், வரப்பில் ஓர் இடம் காலியாக இருந்திருக்கும். மேஸ்திரிக்குத் தெரியும். அவள் வராத அன்றைக்கே அவள் இடத்தில் வேறு ஆளை இறக்கிவிட்டார். தினமும் எங்களைக் கடந்துதான் பைக்கில் போவார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் அவர் எங்களுக்கு எப்போதுமே அப்படித்தான். நாங்கள் அவளுக்கு எப்போதும் அப்படி இல்லையே.

பத்தாம் நாள் அவள் மகள் எனக்குப் போன் செய்தாள். "அத்த, அம்மா போனை எடுக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாக்குறீங்களா?" வேலை முடிந்து நானும் சாந்தியும் போனோம். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போனதும் நாற்றம் அடித்தது. கருவாட்டு நாற்றம் என்று நினைத்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். காலில் மஞ்சள் அப்பி, பழைய ஜாக்கெட் துணியைச் சுற்றியிருந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த பாதம், எங்கள் எல்லாருக்கும் உள்ளதுதான். வெடிப்பில் புண் வந்து, சர்க்கரையில் வலி தெரியாமல் உள்ளே ஓடியிருக்கிறது. நாங்கள் மேஸ்திரியிடம் ரப்பர் பூட்ஸ் கேட்டதும் உண்டு. பூட்ஸ் போட்டு மிதித்தால் பாத்தி கெட்டுப்போகும் என்றார். காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் தட்டில் ரேஷன் அரிசிச் சோறு, தண்ணீர் ஊற்றியது. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

"ஏண்டி சொல்லல?" என்று சாந்தி அழுதாள்.

"இன்னான்னு சொல்றது? நீங்க குழம்பு போட்டோ போட சொல்லோ நான் சீழு போட்டோ போடவா?" என்றாள் பூங்காவனம். அப்போதும் அவளுக்கு நக்கல்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். டாக்டர் பெண், உன் வயசுதான் இருக்கும், கோபமாகக் கேட்டாள். "ஒரு பத்து நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா விரல் தப்பிச்சிருக்கும்மா. என்ன பண்ணிட்டு இருந்தீங்க இவ்ளோ நாள்?" என்ன பண்ணிக்கொண்டிருந்தோம்? அவளுக்கு ரோஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பத்து நாள். சரியாக நான் சிரித்த நாளிலிருந்து.

மூன்றாம் நாள் வார்டில் அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே மன்னிப்பு கேட்டேன். எனக்கு மன்னிப்பு கேட்கத் தெரியாது, உங்கப்பாவைக் கேள். "நான் ஏதோ வெளையாட்டுக்கு..." என்று இழுத்தேன். அவள் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "நீ கேலி பண்ணதுக்கு எனக்குக் கோவம் இல்லடி. ஒரே போட்டோவ நாலு நாளு போடுறேன், ஆறு பேருல எவளாச்சும் ஒருத்தி கண்டுபுடிப்பான்னுதான் போட்டேன். நீ கண்டும்புடிச்ச. கண்டுபுடிச்சவ நேரா வூட்டுக்கு வருவன்னு பார்த்தேன். நீ குரூப்புல போட்டுட்ட."

யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் பழைய படத்தைப் போட்டாள், யாராவது ஒருத்திக்குத் தெரியவேண்டும் என்றும் போட்டாள். இரண்டும் உண்மை. நாம் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள என்ன பாடு படுகிறோம் என்று பார். நாளெல்லாம் உப்பு சுமக்கிறவளுக்குக் குழம்பு இல்லை என்பது அவளுடைய அவமானமா? பூட்ஸ் கொடுக்காமல் அவளை வெறுங்காலோடு உப்பில் இறக்கினவனுக்குத்தான் அவமானம். ஆனால் அவன் நன்றாகத் தூங்குகிறான். அவள் நான்கு நாள் ஒரு மத்தி மீனைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளைத் திரும்பக் குரூப்பில் சேர்த்தோம். முதல் நாள் பத்து மணிக்கு அவள் போட்டது கட்டுப் போட்ட காலின் படம். "சோறு துன்ற நேரத்துல இதையாடி போடுவ?" என்றாள் சாந்தி. "நீங்க துன்னுங்கடி. நான் இப்படித்தான் இருக்கேன், பாத்துக்கினே துன்னுங்க" என்றாள். அன்றைக்கு அப்புறம் எங்கள் குரூப்பே மாறிவிட்டது. ஒருத்தி வெறும் நீராகாரத்தைப் போட்டாள். ஒருத்தி, இன்றைக்கு மாமியாரோடு சண்டை, அடுப்பே மூட்டவில்லை என்று காலி பாக்ஸைப் போட்டாள். உங்கப்பாவுக்குக் குரூப்பில் வேலையே இல்லை, ஆனாலும் என் போனை எடுத்து எல்லாவற்றுக்கும் இதயம் போட்டுவிடுவார், காலி பாக்ஸுக்கும். கண் சரியாகத் தெரியவில்லை என்கிறார். தெரிந்துதான் போடுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நீ புத்திசாலி, எனக்குப் பிறந்தவன் இல்லையா.

மாசி மாதம் ஒருநாள் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டாய். கம்பெனி கேன்டீன், பின்னால் டீ மெஷின், உன் கையில் பேப்பர் கப். 'இன்னிக்கு மூணாவது டீ, வேலை கொல்லுது' என்று எழுதியிருந்தாய். உன் நண்பர்கள் நெருப்பும் கைதட்டலும் போட்டிருப்பார்கள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பெற்றவர்கள் படத்தில் கப்பைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்போம். பொங்கலுக்கு வந்திருந்தபோது அப்பாவுக்கு உதவுகிறேன் என்று லாரியின் பின்கதவை இழுத்து மூடினாயே, இடது ஆள்காட்டி விரல் மாட்டிக்கொண்டதே. நகம் முழுசும் கறுத்துப்போனது. நான்தான் எண்ணெய் வைத்துக் கட்டினேன். கறுத்த நகம் விழுந்து புதிதாக வளர எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் கப்பைப் பிடித்திருக்கிற விரலில் நகம் சுத்தமாக இருந்தது.

"டேய், உன் கறுப்பு நகம் எங்கடா?" என்று டைப் செய்துவிட்டேன். அழுத்த விரல் போனது. பூங்காவனம் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டேன். அதற்கு அப்புறம் நீ போட்ட படங்களை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். எல்லாம் பழசு. நடுவில் ஒருநாள் பகலில் போன் செய்தபோது "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்" என்றாய். பின்னால் சூடான கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது, "ரெண்டு ஊத்தப்பம்" என்று யாரோ கத்தினார்கள். எந்த மீட்டிங்கில் ஊத்தப்பம் ஊற்றுகிறார்கள்? அன்றைக்கு உனக்குக் கேட்காமல் போனை வைத்துவிட்டு நான் சிரித்தேன். அப்புறம் நிறைய நேரம் சிரிக்கவில்லை.

கம்பெனியில் உன்னை எடுத்துவிட்டார்கள், அதுதானே? கான்ட்ராக்ட் ஆட்களை எப்படி எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒருநாள் கேட்டில் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள், காரணம் சொல்லமாட்டார்கள். இங்கே பூங்காவனத்தின் இடத்தில் வேறு ஆளை இறக்கினார்கள், அங்கே உன் இடத்தில். உப்பளத்துக்குக் கூரை கிடையாது, உன் கம்பெனிக்கு ஏ.சி. இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். உன் மேல் தப்பு இருக்குமோ என்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. நீ ஹோட்டலில் கல்லுக்கு முன்னால் நின்றாலும் டேபிள் துடைத்தாலும் எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. படித்ததற்கு வேலை கிடைக்காதது உன் கௌரவத்தைப் பற்றிய விஷயமே இல்லை. அதற்கு யார் யாரோ பதில் சொல்லவேண்டும். அவர்களை நோக்கிக் கோபப்படு. உன்னையே குறைத்துக்கொள்ளாதே.

ஏன் மறைத்தாய் என்றும் எனக்குத் தெரியும். முதல் சம்பளம் வந்த அன்று போனில் சொன்னாய்: "இனிமே நீ தலைமேல கூடை தூக்கக் கூடாது. தூக்கினன்னு தெரிஞ்சா நான் வேலைய வுட்டுட்டு வந்துடுவேன்." நான் சத்தியம் செய்தேன். பாக்கெட் கொட்டகைக்கு மாறிவிட்டேன், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்த வேலை என்று உனக்குப் படமும் அனுப்பினேன். இப்போது உன் வேலை போனது தெரிந்தால் நான் திரும்பக் கூடையைத் தூக்கிவிடுவேன் என்று பயப்படுகிறாய்.

தம்பி, நான் கூடையை இறக்கவே இல்லை.

அந்தக் கொட்டகையில் வேலை செய்கிறவள் சாந்தி. கொட்டகைக்கு மட்டும் ஞாயிறு லீவு. அப்படி ஒரு ஞாயிறு, பாத்தி வேலை முடிந்ததும் போய் அவள் இடத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டேன். ஒரே நாளில் ஐந்து புடவை மாற்றினேன். மூட்டைக்குப் பின்னால் மறைந்து மறைந்து மாற்றிக்கொண்டு வருவேன், சாந்தி எடுப்பாள். "கொஞ்சம் களைச்சுப்போன மாதிரி மூஞ்ச வையேண்டி, ஃபேனுக்கு அடியில இவ்ளோ சிரிச்சா நம்ப மாட்டான்" என்று சொல்லிக்கொடுத்தாள். அந்த ஐந்து படத்தைத்தான் ஒன்றரை வருஷமாக உனக்குத் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நீ ஒன்றையும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பூங்காவனத்தின் மத்தி மீனைப் பார்த்துச் சிரித்தேனே, அன்றைக்குக் காலையிலும் உனக்குப் பச்சைப் புடவைப் படத்தை அனுப்பிவிட்டுத்தான் கூடையோடு பாத்தியில் இறங்கினேன். அந்த மாற்றத்தை நான் மேஸ்திரியிடம் கேட்காமல் இல்லை. "வாய் பேசுறவளுக்கு நிழல் வேலையா? ஒருத்தி அங்க இருக்கிறதே போதும்" என்றுவிட்டார். அதை உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அங்கே குளிர்ந்த அறையில் நிம்மதியாக இரு என்று நினைத்தேன்.

போன வாரம் பாண்டிச்சேரிக்குப் போகிற கார் ஒன்று ரோட்டோரம் நின்றது. ஒரு பையனும் பெண்ணும் இறங்கி வந்தார்கள். வெள்ளை உப்பு மேட்டின் முன்னால் நின்று தங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் தலையில் கூடையோடு ஏறிக்கொண்டிருந்த என்னையும் எடுத்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சூப்பர் லைட்டிங்" என்றான் அவன். நல்ல வெயில் என்று அர்த்தம். முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையும் கூடையில். அந்தப் படம் இந்நேரம் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கும், உழைப்பின் அழகு என்று யாராவது எழுதியிருப்பார்கள். சுற்றிச் சுற்றி உன் கண்ணில் படும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. யாரோ ஒருத்தன் எடுத்த படத்தில் நீ என்னைக் கண்டுபிடிப்பதைவிட, நானே சொல்லிவிடலாம் என்றுதான் நோட்டை எடுத்தேன்.

ஆக, நீ வேலையை மறைத்தது என்னைக் காப்பாற்ற. நான் கூடையை மறைத்தது உன்னைக் காப்பாற்ற. இரண்டு பேரும் தினமும் காலையில் ஒருத்தருக்கொருத்தர் பழைய படத்தை அனுப்பிவிட்டு, ஒருத்தர் மற்றவரைப் பற்றி நிம்மதியாக இருந்திருக்கிறோம். இதில் யாருக்கு என்ன லாபம் என்று நீயே சொல். உன்னைத் திட்டும் தகுதி எனக்கு இல்லை. அதனால் திட்டவில்லை. நீ அனுப்புகிற சின்னச் சின்னச் செய்திகள் எனக்கு வேண்டும். அதை நிறுத்திவிடாதே. ஊத்தப்பம் கருகினால் அதை அனுப்பு. முதலாளி திட்டினால் அவன் திட்டியதை வாய்ஸில் அவன் மாதிரியே பேசி அனுப்பு, நீ நன்றாக மிமிக்ரி செய்வாய். துவைக்காத சட்டை, ஒழுகுகிற சுவர், மதியம் தின்னாத வயிறு, எதுவாக இருந்தாலும் அன்றன்றைக்கு உள்ளதாக இருக்கட்டும். எனக்கு அனுப்ப வெட்கமாக இருந்தால் உன் நண்பர்களில் ஒருத்தனுக்காவது அனுப்பு. உன் ஸ்டேட்டஸுக்கு நெருப்புப் பொம்மை போடுகிறவர்களில் எவனுக்காவது உனக்கு வேலை இல்லை என்பது தெரியுமா? ஒருத்தனுக்குத் தெரிந்தாலும் போதும், நான் அவனுக்குக் கும்பிடு போடுவேன். ஒருத்தனுக்கும் தெரியாது என்றால், தம்பி, நீ அவ்வளவு கூட்டத்தில் தனியாக இருக்கிறாய். அவர்களும் உன்னைப் போலவே தனியாக இருக்கிறார்களோ என்னவோ. நீ முதலில் உன்னுடையதைத் திறந்து காட்டிப் பார். எங்கள் குரூப்பில் ஒருத்தி காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. இன்னொன்று. அவர்களில் எவனாவது பழைய படத்தைப் போடுவது உனக்குத் தெரிந்தால், அதை எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிக்காதே. பஸ் ஏறிப் போ.

உனக்குப் போன மாதம் கருவாடும் மாங்காய்த் தொக்கும் வைத்து ஒரு பார்சல் அனுப்பினேன். நேற்று அது திரும்பி வந்தது. நீ அந்த அறையில் இல்லை என்று மேலே எழுதியிருந்தார்கள். டப்பாவைப் பிரித்துத் தொக்கை உங்கப்பாவுக்கு வைத்தேன். "இன்னா, பையனுக்கு அனுப்பினியே" என்றார். அவருக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். தட்டைக் கழுவி வைத்தார். அப்புறம் "போய்ப் பாத்துட்டு வா. வர்றேன்னா கூட்டினு வா, வர்லன்னா வுட்டுடு, திட்டாத" என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டது இல்லை.

நீ ஊருக்குத் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இங்கே வந்து என்ன செய்வாய், உப்பளத்தில் இறங்குவதற்கா உன்னைப் படிக்கவைத்தேன். அங்கேயே இருந்து பார்க்கிறேன் என்றால் இரு. ஆனால் நான் உன்னை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும். இந்த ஞாயிறு மேஸ்திரியிடம் லீவு சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டார், என் மகனைப் பார்க்க என்று சொன்னேன். காலை முதல் ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஏறுவேன். திருவான்மியூர் வரைக்கும் எனக்கு வழி தெரியும். அங்கே இறங்கி நிற்பேன். அதற்கு மேல் எந்தப் பஸ், எந்தத் தெரு, எந்த மாடி என்று எழுது. படம் அனுப்பவேண்டாம். எழுது, போதும். வந்துவிடுவேன்.

அம்மா